ஏவாமல் எழும் செயல்

கணினியின் பொத்தானை அழுத்துவது ஒரே ஒரு செயல். அதன்பின் நடப்பவை பல நூறு. மதர்போர்டில் உறையும் சிறு நிரல் முதலில் விழித்து நினைவகத்தையும் வட்டையும் சரிபார்க்கிறது. பிறகு இயங்குதளத்தை ஏற்றும் நிரலைத் தேடிப் பிடித்து அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. இயங்குதளத்தின் கரு எழுகிறது. கரு எழுந்ததும், திரையில் முகம் காட்டாத சர்வீஸ்கள் ஒவ்வொன்றாகத் தொடங்குகின்றன. கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்த பிறகு கடைசி வரிசையாக ஸ்டார்ட்அப் புரோகிராம்கள் வருகின்றன. கடிகாரத்துக்குப் பக்கத்தில் முளைக்கும் சின்னப் படங்களில் பெரும்பாலானவை இவற்றுடையவை. இவற்றில் எதையும் அன்று காலை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

தேனி மாவட்டத்துக் கம்பத்திலோ போடியிலோ ஓர் இ-சேவை மையம் காலையில் திறக்கும் நேரத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் வந்தவர்கள் வாசலில் நிற்பார்கள். திரை வந்துவிட்ட பிறகும் மவுஸின் அம்பு வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். வைரஸ் தடுப்பு, விரல்ரேகைக் கருவியின் சர்வீஸ், தமிழில் தட்டச்சிட என்.எச்.எம். ரைட்டரோ இ-கலப்பையோ, பிரிண்டருடன் வந்த உதவி நிரல், எப்போதோ ஒரு கூட்டத்துக்காக நிறுவிய வீடியோ அழைப்புச் செயலி, யாரோ ஒருவர் ஒரு பாட்டைப் பதிவிறக்கியபோது ஒட்டிக்கொண்டு வந்த இன்னொன்று என எல்லாம் ஒரே வேளையில் வட்டிடமும் பிராசஸரிடமும் இடம் கேட்கும். முதல் மூன்றும் வேலைக்கு வேண்டியவை. மற்றவை இருப்பதே மையத்தை நடத்துபவருக்கு மறந்துபோயிருக்கும்.

ஒரு நிரல் இந்த வரிசையில் இடம்பிடிக்கப் பல வழிகள் உண்டு. விண்டோஸில் ஸ்டார்ட்அப் என்ற கோப்புறை இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் ‘ரன்’ என்ற பதிவிடம் இருக்கிறது. குறித்த வேளையில் வேலையை எழுப்பும் டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் சர்வீஸ்கள். லினக்ஸில் பெரும்பாலும் 2010இல் அறிமுகமான சிஸ்டம்டி இந்த வேலையைப் பார்க்கிறது. பதிவு நடப்பது நிரலை நிறுவும் நாளில்தான். ‘கணினி தொடங்கும்போது தானே தொடங்கு’ என்ற வரிக்கு முன்னால் டிக் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். நிறுவுபவர் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போய்விடுவார். அந்த ஒரு நொடி அசட்டை, பிறகு ஆண்டுக்கணக்கில் காலைதோறும் நிறைவேறும்.

இவற்றை ஒழுங்குசெய்ய விண்டோஸ் 98 காலத்திலேயே எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவி வந்தது. 2012இல் வெளியான விண்டோஸ் 8 இந்தப் பட்டியலை டாஸ்க் மேனேஜருக்குள் கொண்டுவந்தது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போனால், ஒவ்வொரு நிரலின் பெயருக்கு எதிரிலும் அதன் சுமை எழுதியிருக்கும். தொடக்கத்தில் 1 வினாடிக்கு மேல் பிராசஸர் நேரமோ 3 எம்பிக்கு மேல் வட்டு வேலையோ எடுத்தால் ‘அதிகம்’. 300 மில்லிவினாடிக்கும் 300 கேபிக்கும் உள்ளே அடங்கினால் ‘குறைவு’. வேண்டாததை வலது பொத்தானால் அழுத்தி ‘டிசேபிள்’ கொடுத்தால் போதும். நிரல் அழிவதில்லை. தானே எழும் உரிமையை மட்டும் அது இழக்கிறது, அழைத்தால் வரும்.

இந்தச் சின்னப் பராமரிப்பு வேலைக்குள் மிகப் பழைய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. இன்று ஏவாத ஒரு செயல், என்றோ கொடுத்த இசைவாலோ மறுக்காமல் விட்டதாலோ நடக்கும்போது அது யாருடைய செயல்? கண் விழித்த கணத்திலேயே நேற்றைய சண்டை மனத்தில் ஏறி உட்கார்கிறது. கடன்காரரின் முகம் வருகிறது. கை தலையணைக்கு அடியில் போனைத் துழாவுகிறது. இவற்றைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால் ‘நான் இல்லை’ என்று சொல்லத் தோன்றும். அந்தப் பதிலைச் சமண சமயம் ஏற்பதில்லை. அதன் தடம் கம்பம் பள்ளத்தாக்கில் கல்லிலேயே இருக்கிறது.

உத்தமபாளையத்தில் கருப்பண்ணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சில நின்ற கோலம், சில அமர்ந்த கோலம். பாம்புப் படம் குடைபிடிக்க நிற்பவர் பார்சுவநாதர். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் இந்த உருவங்களுக்குக் கீழே, செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. மதுரை வட்டாரத்துச் சமண மலைகள் பலவற்றில் வரும் அச்சணந்தி என்ற பெயர் இங்கும் உண்டு. ஆறும் வயலும் கண்ணுக்கெட்டும் இடத்தில் இருந்துகொண்டு, உடலையும் மனத்தையும் எது இயக்குகிறது என்று கணக்கெடுத்த துறவிகள் அவர்கள். பிற்காலத்தில் அதே பாறையில் வாசல் காக்கும் தெய்வமான கருப்பண்ணசாமி குடிகொண்டார். வாயிலில் நின்று உள்ளே வருவதைப் பார்த்துக்கொள்வதுதான் அந்தத் துறவிகளுக்கும் தலையாய வேலை. இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. ஆனாலும் நினைத்துப் பார்க்கத் தக்கது.

தமிழ்ச் சமணர் உலகை ஒன்பது பொருள்களாகப் பகுத்தனர்: உயிர், உயிரல்லது, புண்ணியம், பாவம், ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு, கட்டு, வீடு. இங்கே வேண்டியவை நடுவில் உள்ள நான்கு. மனம், சொல், உடல் ஆகியவற்றின் அசைவால் வினை உயிரை நோக்கி வருவது ஊற்று. வந்தது ஒட்டிக்கொள்வது கட்டு. புதிதாக வருவதைத் தடுப்பது செறிப்பு. ஏற்கெனவே ஒட்டியதைக் கழிப்பது உதிர்ப்பு. சமணத்தில் வினை வெறும் கணக்கோ உவமையோ இல்லை. அது நுண்ணிய பருப்பொருள்; உயிரின்மேல் உண்மையாகவே படிகிறது; வேளை வந்ததும் தன் பயனைத் தந்துவிட்டுப் போகிறது. என்றோ எழுதிய பதிவு, எழுதியவர் மறந்துவிட்டாலும் தன் வேளையில் தானே எழும் என்பதை இவ்வளவு நேரடியாகச் சொன்ன சமயம் வேறில்லை எனலாம்.

கட்டு ஏற்படக் காரணம் என்ன? உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தைச் சொல்கிறது: தவறான பார்வை, விரதமின்மை, அசட்டை, கோபம் முதலான மனமாசுகள், மனம் சொல் உடலின் அசைவு. இந்தப் பட்டியலில் வியப்புக்குரியது இரண்டாவது. கொலை செய்தால் வினை சேரும் என்று எல்லாச் சமயமும் சொல்லும். ‘கொல்ல மாட்டேன்’ என்று உறுதி எடுக்காமல் இருப்பதே வினைக்கு வழிவிடும் என்கிறது சமணம். அப்படி உறுதி எடுக்காதவர் யாரையும் கொன்றிருக்க மாட்டார். ஆனால் கொல்வதற்கான கதவு அவரிடம் திறந்தே கிடக்கிறது, அதை அவர் மூடவில்லை. விலக்காமல் விட்டதும் ஒரு வகை இசைவுதான். முதலில் கேட்கும்போது இது கடுமையாகத் தோன்றும். நிறுவும் பெட்டியில் முன்கூட்டியே போட்ட டிக்கை எடுக்காமல் விட்டவருக்கு மறுநாள் முதல் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இதன் நியாயம் புரியும். எதையும் தேர்ந்தெடுக்காதவருக்கும் ஒரு தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பலர் கையில் புழங்கிய சான்று உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கி, அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்குத் தமிழக அரசு இலவச மடிக்கணினி வழங்கியது. தேனி மாவட்டப் பள்ளிகளுக்கும் அவை வந்தன. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. இப்படி இரண்டு இயங்குதளம் உள்ள கணினி தொடங்கும்போது, எதில் நுழைய வேண்டும் என்று ஒரு பட்டியல் காட்டும். சில வினாடிகள் காத்திருக்கும். யாரும் விசையைத் தொடாவிட்டால், எந்த வரி முன்னிருப்பாக அமைந்திருக்கிறதோ அதற்குள் போய்விடும். இன்னொன்றைத் திறந்தே பார்க்காமல் பள்ளிப் படிப்பை முடித்தவருக்கும், அதை ‘வேண்டாம்’ என்று ஒருநாளும் சொன்ன நினைவு இருக்காது. கணினி கைக்கு வரும்போதே அதற்குள் எழ வேண்டியவை எழுதப்பட்டிருந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். உயிருக்கும் வினைக்கும் உள்ள தொடர்புக்குத் தொடக்கம் கிடையாது, அது அநாதி என்று சமணமும் சைவமும் சொல்வது இந்த நிலையைத்தான். வெறும் பலகையாக எந்த உயிரும் பிறப்பதில்லை. முதல் பதிவை யார் எழுதினார் என்று தேடிப்போவது இரண்டு மரபுகளுக்கும் முக்கியமில்லை. இருப்பதை என்ன செய்வது என்பதே கேள்வி.

என்ன செய்வது என்பதற்குச் சமண நூல்கள் குளத்தைக் காட்டும். வரத்து வாய்க்காலை அடைத்துவிட்டால், உள்ளே கிடக்கும் நீரை இறைத்தும் வெயிலில் காயவிட்டும் வற்றச் செய்யலாம். வாய்க்காலைத் திறந்து வைத்துக்கொண்டு இறைப்பவர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கண்மாய்ப் பாசனம் தெரிந்த சின்னமனூர் விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். கணினியைப் பராமரிப்பவர்களில் பலர் செய்யும் பிழையும் இங்கேதான். மாதம் ஒருமுறை பட்டியலைத் துடைக்கிறார்கள். நிறுவும்போது டிக்கைப் பார்ப்பதில்லை. அடுத்த மாதம் பட்டியல் பழையபடி நிறைந்திருக்கும்.

உதிர்ப்பிலும் இரண்டு வகை. வினை தன் வேளையில் பயன்தந்து தானே உதிர்வது ஒன்று. வேளை வருமுன்பே தவத்தால் உதிர்ப்பது மற்றது. முதல் வகை எல்லா உயிர்க்கும் ஓயாமல் நடக்கிறது, ஆனால் அதனால் மட்டும் விடுதலை கிட்டுவதில்லை. காரணம், பழைய வினை பயன்தரும்போது எழும் கோபமும் ஆசையும் புதிய வினையைக் கட்டிவிடுகின்றன. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ‘ரன்’ பதிவுக்குப் பக்கத்திலேயே ‘ரன்ஒன்ஸ்’ என்று ஒன்று உண்டு. அதில் எழுதப்பட்டது ஒரே ஒருமுறை இயங்கும், பதிவும் அதோடு நீங்கிவிடும். மனிதரின் வினை ‘ரன்ஒன்ஸ்’ போல ஒருமுறை எழுந்து தீர்ந்திருந்தால் சமயங்களுக்கே வேலை இருந்திராது. ஒருமுறை வந்த கோபம், வரும்போதே அடுத்த கோபத்துக்கான பதிவையும் எழுதிவிட்டுப் போகிறது.

எல்லோரும் துறவிகளாக முடியாது என்பதையும் இந்த மரபு அறியும். இல்லறத்தாருக்கு அணுவிரதம், துறவிக்கு மகாவிரதம் என்று அது பிரித்தது. ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், உட்கார்ந்து எல்லா அசைவையும் அடக்கிக்கொள்ளும் சாமாயிகம் இல்லறத்தாருக்கும் உரியது. காலவரையறையோடு எடுக்கும் இத்தகைய உறுதி இன்றைய தேனியில் வேறு வடிவில் பரவலாக வாழ்கிறது. கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் 41 நாள் மது, புலால், கடுஞ்சொல் விலக்கி, குமுளி சாலை வழியே சபரிமலைக்குப் போகிறார்கள். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் நேர்ந்துகொண்டவர்கள் சித்திரைத் திருவிழாவுக்கு முன் விரதம் இருக்கிறார்கள். மாலையைக் கழற்றிய மறுநாளே பழையபடி ஆகிவிடுகிறார்களே என்று இதை எளிதாகக் குறைசொல்லலாம். அது நியாயமான மதிப்பீடு இல்லை. தானாக எழும் ஒன்றை 41 நாள் எழாமல் வைத்திருந்தவருக்கு, அது தன்னுடைய இயல்பு இல்லை, நிறுத்தக்கூடிய ஒன்று என்பது அனுபவத்தில் தெரிந்துவிடுகிறது. அந்த அறிவு கழற்றிய மாலையோடு போய்விடாது.

சைவ சித்தாந்தம் இதே கேள்வியை வேறு பக்கமிருந்து அணுகுகிறது. அது வாயிலைவிட அடுக்குகளை அதிகமாகப் பார்க்கிறது. உயிர் அடையும் ஐந்து நிலைகளில் எத்தனை கருவிகள் இயங்குகின்றன என்று எண்ணிச் சொன்ன மரபு அது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் இந்த நிலைகளைப் பேசுகிறது. வழிநூல்களும் உரைகளும் கணக்கை விரிக்கின்றன. நனவில் 35 கருவிகள்: அறிவுப்பொறி ஐந்து, தொழிற்பொறி ஐந்து, அவற்றின் புலன்களும் தொழில்களும் பத்து, வாயுக்கள் பத்து, மனம் முதலான அகக்கருவி நான்கு, புருடன். கனவில் பொறிகள் பத்தும் நின்றுவிட, 25 எஞ்சும். உறக்கத்தில் சித்தமும் பிராணனும் புருடனுமாக மூன்று. பேருறக்கத்தில் பிராணனும் புருடனுமாக இரண்டு. உயிர்ப்பும் அடங்கிய துரியாதீதத்தில் புருடன் ஒன்றே.

இந்தக் கணக்கைக் கீழிருந்து மேலாகப் படித்தால் அது விழிப்பின் வரிசையாகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, 25, பிறகு 35. கண்ணும் காதும் கடைசியில்தான் சேர்கின்றன. அவை சேரும்போது மனமும் அகங்காரமும் முன்பே எழுந்து வேலையைத் தொடங்கியிருக்கின்றன. ‘கண் விழித்ததும் கோபம் வந்தது’ என்று சொல்பவர் வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறார். கோபம் காத்திருந்த இடத்துக்குத்தான் கண் வந்து சேர்ந்தது. ஸ்டார்ட்அப் பட்டியலும் கடைசி அடுக்கை மட்டுமே காட்டும். கடவுச்சொல் கேட்கும் திரைக்கு முன்பே எழுந்துவிட்ட சர்வீஸ்கள் அதில் வருவதில்லை; அவற்றைக் காண வேறு பக்கம் போக வேண்டும், மாற்றுவதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி வேண்டும்.

அதற்கும் அடியில் ஒன்று இருப்பதாகச் சித்தாந்தம் கூறும். அது ஆணவ மலம். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் அதை இருளோடு ஒப்பிட்டு, இருளைவிடக் கொடியது என்கிறார். இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டும். ஆணவம் தன்னையும் காட்டாது. கணினித் தீநிரல்களில் மிக ஆபத்தானவையும் இவ்வகையே. இயங்கும் நிரல்களின் பட்டியலைக் கேட்டால், அந்தப் பட்டியலிலிருந்தே தங்கள் பெயரை நீக்கித் தரும். அத்தகைய கணினியை அதனுள்ளிருந்தே சோதிப்பதை நம்ப முடியாது. வெளியிலிருந்து, வேறு வட்டிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். குருவும் திருவருளும் ஏன் தேவை என்ற கேள்விக்குச் சைவம் தரும் விடையும் இதே அமைப்பில் உள்ளது: மறைக்கப்பட்ட அறிவு, தன்னை மறைப்பதைத் தானே கண்டுகொள்ள இயலாது.

எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது தீர்வாகுமா? ஆர்வக்கோளாறில் பட்டியல் முழுவதையும் ‘டிசேபிள்’ செய்தவர்கள், விரல்ரேகைக் கருவி வேலைசெய்யாமல், வைரஸ் தடுப்பு எழாமல் திண்டாடுவது உண்டு. தானாக எழுவதெல்லாம் தளை என்று இரண்டு மரபுகளும் சொல்லவில்லை. பேருறக்கத்திலும் பிராணன் நிற்பதில்லை; அதை யாரும் ஏவுவதும் இல்லை. சமணம் விரதத்தைப் பழக்கமாக்கச் சொல்கிறது. பழகிய அருள், ஏவாமலே எழ வேண்டும். எறும்பு போகும் வழியில் கால் தானாகத் தயங்குவதுதான் முதிர்ந்த நிலை. ஆகவே இங்கே வேண்டியது நிறுத்தும் வேகம் இல்லை, பிரித்தறியும் நிதானம். எது உயிரைக் காக்கிறது, எது அதன் பெயரால் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது மெதுவான வேலை. அதைச் செய்து தரும் பொத்தான் எதுவும் கிடையாது.

மரணம் எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்ற எண்ணத்தையும் இரண்டும் மறுக்கின்றன. உடல் விழும்போது நுண்ணுடல் வினையைச் சுமந்து போகிறது என்கிறது சைவம். கார்மண உடல் உயிரை விடுவதில்லை என்கிறது சமணம். விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு உள்ளது. அது இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், பயனரின் வேலைகள் மூடப்படும். கருவின் நிலை மட்டும் வட்டில் ஒரு கோப்பாக எழுதிவைக்கப்படும். மறுநாள் அது அப்படியே மீட்கப்படும். விளக்கணைந்து விசிறி நின்றதைப் பார்த்தவர், எல்லாம் முடிந்து புதிதாகத் தொடங்குவதாக நினைப்பார். உண்மையில் முதலிலிருந்து தொடங்க ‘ரீஸ்டார்ட்’தான் கொடுக்க வேண்டும்.

இறுதியில் இரு மரபுகளும் பிரியும் இடம் வருகிறது. ரெஜிஸ்ட்ரியில் உள்ள பதிவு ஒரு வரி எழுத்து மட்டுமே. அதற்கு அறிவும் இல்லை, அசைவும் இல்லை. இயங்குதளம் அதைப் படித்து நிறைவேற்றுவதால்தான் நிரல் எழுகிறது. வினையும் சடம், அது தானே உரியவரைத் தேடிப்போய்ப் பயன் தராது, அறிவுள்ள ஒருவன் கூட்டுவிக்க வேண்டும் என்பது இறைவன் உண்டு என்பதற்குச் சித்தாந்தம் காட்டும் காரணங்களில் ஒன்று. சமணம் இதை ஏற்காது. உண்ட மருந்துக்கு வயிற்றுக்குள் வேலைசெய்ய யார் ஏவலும் வேண்டாதது போல, வினைக்கும் தன் இயல்பே போதும் என்பது அதன் நிலை. நடுவே ஒருவரை வைத்தால் பொறுப்பு அவர்மேல் சாய்ந்துவிடும் என்ற கவலை அதற்கு உண்டு. கணினியின் சான்று இந்த வழக்கில் சைவத்தின் பக்கம் நிற்பதுபோல் தெரியும். ஆனால் படித்து நிறைவேற்றும் இயங்குதளம் எதையும் எடைபோடுவதில்லை. எழுதியதை எழுதியபடி செய்கிறது. அறிவோடு கூட்டுவிக்கும் இறைவனுக்கு அது இணையாகாது. சான்று அந்த அளவில் நின்றுவிடுகிறது.

பொறுப்பை முழுவதும் உயிர்மேலேயே வைத்ததால்தான், சமணம் சோதனையை நாள்தோறும் செய்யும் கடமையாக்கியது. அதன் பெயர் பிரதிக்கிரமணம்: நேர்ந்த குற்றங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, அவற்றிலிருந்து திரும்புதல். பதினைந்து நாளுக்கு ஒன்று, நான்கு மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று எனவும் உண்டு. மாலையில் செய்வது பகலுக்கு. விடியலில் செய்வது இரவுக்கு, அதாவது உறங்கிக் கிடந்தபோது, கனவில், எந்த ஏவலும் இல்லாமல் நடந்தவற்றுக்கு.